இரண்டு தட்டு, ஒரு தாளம்: ஆறாவது வாரம்

நேற்று இரவு இரண்டு வினைல் இசைத்தட்டுகளும் தாளம் விலகாமல் 40 வினாடி ஒன்றாக ஓடின. எழுபதுகளின் டிஸ்கோ தட்டுகள், இரண்டிலும் ஆள் உட்கார்ந்து வாசித்த டிரம்ஸ். ஆறு வாரமாக இதற்காகத்தான் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி வருகிறேன்.

கணினியில், இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாக ஒன்றாக்கும் சிங்க் பொத்தானைத் தட்டினால் உடனே நடந்துவிடும். ஆனால் 1970 வாக்கில் நியூயார்க்கில் டிஜே ஃபிரான்சிஸ் கிராஸோவுக்கு அந்த வசதி இல்லை. மேற்கு 43ஆம் தெருவில் பழைய தேவாலயம் ஒன்றை கிளப்பாக மாற்றி, சாங்ச்சுவரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கேதான் அவர் ஒரு பாட்டு ஓய்வதற்குள் அடுத்த பாட்டைத் தாளம் பிசகாமல் அதன் மேல் கொண்டுவந்து சேர்த்தார். ஆடுகிறவர்கள் நிற்கவே இல்லை. இன்று உலகம் முழுக்க டிஜேக்கள் செய்வதற்கெல்லாம் அடித்தளம் அதுதான். அதைக் கையால் செய்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

முதல் இரண்டு வாரம் கருவியோடு போராட்டம். டைரக்ட் டிரைவ் என்று சொல்லி ஒருவர் விற்ற டர்ன்டேபிள் (தட்டைச் சுழற்றும் கருவி), திறந்து பார்த்தால் பெல்ட் டிரைவ், அதாவது மோட்டார் ஒரு பட்டை வழியாகச் சுழற்றுவது. தட்டைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு விட்டால், பழைய வேகத்துக்கு வர வெகுநேரம் எடுக்கும். அதை மாற்ற வேண்டியதாயிற்று. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் ஏன் கிளப்களில் நிலைத்தது என்பது அப்போதுதான் புரிந்தது: மோட்டார் நேராகத் தட்டைச் சுழற்றுகிறது, விட்டதும் பிடித்துக்கொள்கிறது. 1979இல் வந்த எம்கே2 மாடலில் வேகத்தை 8 சதவீதம் கூட்டவும் குறைக்கவும் நீளமான பிட்ச் ஃபேடரும் (நகர்த்தும் குமிழ்) வந்தது.

தட்டுக்கு அடியில் வழுக்குவதற்காகப் போடும் துணியான ஸ்லிப்மேட்டை நானே செய்தேன். தையல் கடையில் ஃபெல்ட் துணி வாங்கி, வட்டமாக வெட்டி, வடித்த கஞ்சியில் முக்கி, காய்ந்ததும் இஸ்திரி போட்டேன். ஹிப்-ஹாப் டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷும் தொடக்க காலத்தில் ஃபெல்ட்டுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கித்தான் பயன்படுத்தினார். துணிக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றையும் வைத்தேன். இப்போது அடியில் மோட்டார் சுழன்றுகொண்டே இருக்கும், மேலே தட்டு என் விரலுக்குக் கட்டுப்பட்டு நிற்கும். எடுப்பு வந்ததும் விரலை எடுத்தால் போதும்.

அப்புறம் தட்டைக் கண்ணால் படிக்கப் பழகினேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் சத்தம் நிறைந்த பகுதி வெளிறி மின்னும், வாத்தியங்கள் குறைகிற பகுதி கறுப்பாகத் தெரியும். பிரேக், அதாவது வாத்தியங்கள் ஒதுங்கி டிரம்ஸ் தனியாக ஒலிக்கும் இடம், எங்கே வருகிறது என்று ஊசி வைக்காமலே சொல்லலாம். பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் வரும் 12 அங்குல சிங்கிளில் இது இன்னும் தெளிவு. ஊசி ஓடும் பள்ளங்களை விசாலமாக வெட்ட இடம் இருப்பதால் பேஸும் கனமாகக் கிடைக்கும். 1976இல் சால்சோல் நிறுவனம் 12 அங்குல சிங்கிளைக் கடைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு மிக்ஸ் செய்தவர் வால்டர் கிப்பன்ஸ், ஒரு கிளப் டிஜே. தரையில் ஆடுகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஆளிடம் அந்த வேலை போனது எனக்கு ரொம்பவே பிடித்த விஷயம்.

மூன்றாம், நான்காம் வாரங்களில் முன்னேற்றமே இல்லை. ஒரு தட்டு நிமிடத்துக்கு 117 அடி, இன்னொன்று 119. ஃபேடரை 1.7 சதவீதம் தள்ளினால் கணக்கு சரி. ஆனாலும் அரை நிமிடத்தில் இரண்டு டிரம்ஸும் விலகி, குதிரை ஓடுவது போலத் தடதடக்கும். காது சரியில்லையோ என்று பயந்தேன்.

ஐந்தாம் வாரம் காரணம் பிடிபட்டது. ஃபோனில் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் செயலி) வைத்து ஒரு தட்டை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். பல்லவி வரும்போது டிரம்மர் உற்சாகத்தில் கொஞ்சம் முந்துகிறார், சரணத்தில் திரும்ப நிதானிக்கிறார். நிமிடத்துக்கு அரை அடி வித்தியாசம்தான். ஆனால் 30 வினாடியில் அது கால் அடி ஆகிவிடும், காது உடனே கண்டுபிடித்துவிடும். அன்றே எண்பதுகளின் சிகாகோ ஹவுஸ் என்ற நடன இசைத் தட்டுகள் இரண்டை எடுத்தேன். மெஷின் டிரம்ஸ். முதல் முயற்சியிலேயே 3 நிமிடம் நகராமல் நின்றன!

அந்த ஹவுஸ் இசையின் முன்னோடி டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். அன்றுதான் அவர் செய்தது கையில் தட்டுப்பட்டது. 1977இல் நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்குப் போய், வேர்ஹவுஸ் கிளப்பில் தட்டு ஓட்டினார். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், அதிலும் தன்பால் ஈர்ப்பாளர்கள். வேறெங்கும் நிம்மதியாக ஆட இடம் கிடைக்காதவர்கள். 1979 ஜூலை 12 அன்று அதே ஊரில் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். நக்கிள்ஸ் அந்தத் தட்டுகளை விடவில்லை. டேப்பை வெட்டி ஒட்டி நீட்டினார். பின்னால் பவர் பிளாண்ட் கிளப்பில் ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷினை அவற்றுக்கு அடியில் ஓடவிட்டார். தடுமாறும் டிரம்மருக்குக் கீழே தடுமாறாத ஒரு கிக் டிரம் அடி. ஹவுஸ் இசை அந்த வேர்ஹவுஸின் பெயரில்தான் நிற்கிறது.

மெஷின் தட்டுகளோடு நிறுத்தியிருக்கலாம், மனம் வரவில்லை. இந்த வாரம் முழுக்க ஃபேடரைத் தொடாமல் விரலால் மட்டும் ஓட்டிப் பழகினேன். பின்தங்கினால் நடுத்தண்டை லேசாகத் திருகி முன்னே தள்ள வேண்டும். முந்தினால் டர்ன்டேபிள் விளிம்பில் விரல் நுனி பட்டால் போதும். அழுத்தினால் சுருதி இறங்கி எல்லோருக்கும் கேட்டுவிடும். நேற்று அந்த விரல் யோசிக்காமல் தானாகப் போனது.

41ஆவது வினாடியில் இடது தட்டின் டிரம்மர் பிரேக்குக்காக ஒரு உருட்டு உருட்டி முந்திக்கொண்டார், நான் தாமதித்துவிட்டேன். அந்த இடத்தில் லேபிள் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கிறேன். இன்று இரவு அங்கிருந்து.