ஜிப்சம் சுவரும் ஒன்பது எம்எம் தோட்டாவும்

ஹூஸ்டனில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவை உடைத்துத் திருடிவிட்டார்கள். மறுநாள் எதிர்வீட்டுப் பெரியவர் என்னை நிறுத்தி, "துப்பாக்கி வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் குடும்பத்தை எப்படிக் காப்பாற்றுவாய்?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார், ஆனாலும் சுருக்கென்று தைத்தது. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வீட்டு முன்கதவைப் பகலில் சாத்தியதே கிடையாது. ராத்திரிக்குத் திண்ணையில் தாத்தா, வாசலில் நாய், ஊர் எல்லையில் சுடலைமாடன். எங்கள் காவல் அவ்வளவுதான்.

இங்கே எச்1பி விசாவில் இருக்கும்வரை, வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு இருந்தாலொழிய, துப்பாக்கி வாங்க முடியாது. கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பினால் பின்னணியைச் சரிபார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். கலெக்டர் ஆபீசுக்கு அலைய வேண்டியதில்லை. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் 21 வயதான பெரும்பாலோர் பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம். நம் ஊரில் அரிவாளோடு பஸ் ஏறினாலே கண்டக்டர் இறக்கிவிடுவார்.

துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியில் ப்ரௌனிங் என்ற பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட, செங்கோட்டை வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த ப்ரௌனிங் பிஸ்டல். தூத்துக்குடிக்கு ரயில் மாறும்போதெல்லாம் அந்த ஸ்டேஷனில் அப்பா சொன்ன கதை. கடைக்காரப் பையனிடம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "வீட்டுக்கு என்றால் கிளாக் 19 பாருங்கள்" என்றான்.

அவன் விவரமானவன். ரிவால்வரில் பழுது குறைவு, ஆனால் சின்ன ரிவால்வர் என்றால் ஐந்தே குண்டுதான், விசையை அழுத்தவும் பலம் வேண்டும். சட்டைப் பைக்குள் அடங்குகிற குட்டி பிஸ்டல் கையில் துள்ளும், குறி தப்பும். வீட்டில் வைப்பதற்கு நடுத்தர அளவில், ஒன்பது எம்எம் தோட்டா போடும் பிஸ்டல் போதும். கிளாக் 19 மேகசினில் 15 குண்டு பிடிக்கும். என் மனைவியின் கைக்கும் பிடி சரியாக இருந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்து படுக்கையறைச் சுவரை விரல் மடக்கித் தட்டியபோது எல்லாக் கணக்கும் மாறியது. டொக் டொக் என்று வெற்று டப்பாவைத் தட்டியது போன்ற சத்தம். மரச்சட்டம், இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் காற்று. ஒன்பது எம்எம் தோட்டா இப்படிப் பல சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும். நுனியில் குழிவான தோட்டா உடம்பில் பட்டால் விரியும், கடந்து போவது குறையும். குறி தப்பி ஜிப்சத்தில் பட்டால் அதுவும் நிற்காது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் கட்டில். ஊரில் எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றரை முழம் கனம். பக்கத்து அறையில் ஆச்சி கூப்பிட்டால்கூடக் கேட்காது.

எந்த மாடல் என்பதைவிட, எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பேன். இதைப் பெரியவரும் சொல்லவில்லை, கடையிலும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. நாங்கள் கட்டிலை நகர்த்தினோம். சத்தம் கேட்டால் பிள்ளைகளை எங்கள் அறைக்குள் கூட்டிக்கொண்டு, கதவைப் பூட்டி, 911 என்ற அவசர போலீஸ் எண்ணுக்குப் பேசுவது என்று வைத்திருக்கிறோம். துப்பாக்கி அதற்கும் அப்புறம்தான். விரல் வைத்தால் திறக்கும் இரும்புப் பெட்டியை முதலில் வாங்கிவிட்டோம். குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கைக்கு எட்டுகிற மாதிரி விட்டுவைத்து, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் டெக்சாஸில் குற்றம். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை என்று படித்த பிறகு, சட்டம் இல்லாவிட்டாலும் பெட்டியில்தான் வைப்பேன்.

இதெல்லாம் முடிந்து, இனி இதுதான் நம்ம ஊர் என்கிற தெம்போடு அத்தானுக்கு போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏன் மாப்ள, எலெக்‌ஷன் வந்தா அத எந்த ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் கொடுப்ப?"

இங்கே அப்படி வழக்கமில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் பேச்சு தாத்தாவின் இரட்டைக் குழலுக்குப் போய்விட்டது. தேர்தல் அறிவித்ததும் அதைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். ரசீது பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக இருக்கும். காட்டுப்பன்றி அந்த மாதம் பார்த்துத்தான் நெல்லுக்குள் இறங்கும். அத்தான் சிரிக்கிறார். நான் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து, அந்த வயலை இப்போது யார் குத்தகைக்குப் பார்க்கிறார்கள், வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.