வெள்ளிக்கால்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

உம்மாவின் தலையணை உறையை மாற்றும்போது கையில் தட்டுப்பட்டது. ஒரு வெள்ளிக்கால். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். தகட்டைக் கால் வடிவத்தில் வெட்டி, விரல்களுக்கு ஊசியால் கோடு கீறியிருக்கிறார் ஆசாரி. பெருவிரல் மட்டும் கொஞ்சம் தூக்கல். தன் கால் குணமாக நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டதாம். “காக்காட்ட சொல்லிராத புள்ள” என்றாள் உம்மா. காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சர்க்கரை 312. ஆபரேஷன் தள்ளிப்போகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காக்கா காலையில் வந்து இறங்கினார், மத்தியானமே சண்டை. நான் சொல்லவில்லை, உம்மாவே உளறிவிட்டாள். நேர்ச்சை என்பது வணக்கம், அதை அல்லாஹ்வுக்கு மட்டும்தான் செய்ய வேண்டும் என்கிறார் காக்கா. ஒரு நாளைக்குக் கட்டாயத் தொழுகையான ஃபர்ளு மட்டும் 17 ரக்அத், ஒவ்வொன்றிலும் அல்ஹம்து சூரா. 17 தடவை ‘உன்னிடமே உதவி தேடுகிறோம்’ என்று ஓதிவிட்டு, நாகூருக்குக் கால் செய்து அனுப்புவாயா?

அப்புறம் ஹதீஸ், நபிமொழி. நன்மை தேடிப் பயணம் கட்டுவதென்றால் மக்கா, மதீனா, ஜெருசலேமின் பைத்துல் முகத்தஸ், இந்த மூன்று பள்ளிவாசல்களுக்கு மட்டும்தானாம்.

“அப்ப ரியாதுக்கு எதுக்குப் போன?” என்றாள் உம்மா.

பக்கத்துக் கட்டில்காரம்மாகூடச் சிரித்துவிட்டார். காக்கா சிரிக்கவில்லை.

அவர் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. உம்மா முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. தகடு இப்போது என் பர்ஸில்.

ஆகஸ்ட் 6, புதன்

2001-ல் இதே நாள்தான் ஏர்வாடியில் தீ. சங்கிலியோடு கிடந்த மனநோயாளிகள், 28 பேர். எங்கள் கீழக்கரையிலிருந்து கூப்பிடு தூரம். தீப்பிடித்தது தர்காவில் இல்லை, தனியார் காப்பகத்தில். ஆனாலும் அந்த ஜனங்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது தர்காவின் பெயர்தானே. இதைக் காக்கா எடுப்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன். கடைசியில் உம்மாதான் எடுத்தாள். “சங்கிலி போட்டது மனுசன். அங்க அடங்கியிருக்கிற அவ்லியா என்ன செய்வாங்க?”

ஆகஸ்ட் 7, வியாழன்

பெருவிரலையும் அடுத்ததையும் எடுத்துவிட்டார்கள். தகட்டில் ஐந்தும் இருக்கின்றன.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு எங்கள் மஹல்லா பள்ளிவாசல் இமாம், ஹஜ்ரத், பார்க்க வந்தார். “கேட்கிறது அல்லாஹ்கிட்ட. நாகூர் எஜமான் பொருட்டால் கேக்கிறோம், அவ்வளவுதான்” என்றார். பஞ்சத்தில் உமர் (ரலி) நபியின் சிறிய தந்தை அப்பாஸை (ரலி) முன்வைத்து மழை கேட்டாரே, அது ஒருவரை முன்னிறுத்தி இறைவனிடம் கேட்கும் வஸீலா இல்லையா? காக்கா அதே ஹதீஸைத் திருப்பிப் போட்டார். நபி அடங்கியிருக்கும் கபுறு பக்கத்திலேயே இருக்க, உயிரோடு இருந்தவரை ஏன் கூப்பிட்டார் உமர்?

ஒரே ஹதீஸ்தான். இரண்டு பேரும் டீயைப் பாதியில் வைத்துவிட்டார்கள்.

உம்மா தூங்கவில்லை, கண்ணைத்தான் மூடியிருந்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

இன்சுலின் போடும்போதெல்லாம் உம்மா சொல்வது புறாக் கதை. தஞ்சாவூர் அச்சுதப்ப நாயக்கருக்கு யாரோ சூனியம் வைத்து, உடம்பெல்லாம் ஊசி குத்தின புறா ஒன்று அரண்மனைக்குள் கிடந்ததாம். எஜமான் ஒவ்வொரு ஊசியாய்ப் பிடுங்கப் பிடுங்க ராஜாவுக்கு வலி விட்டதாம். நாகூரில் இன்றைக்கும் புறா விடுகிறார்கள். “131 அடிக்குப் பெரிய மினாரா கட்டுனது மராட்டிய ராஜா பிரதாப் சிங். அவரு என்ன முஸ்லிமா? பலன் இல்லாமலா கட்டுனாரு?”

இதெல்லாம் ஆதாரமா என்று கேட்கலாம். ஊசி இறங்கும்போது அவள் என் கையைப் பிடிப்பதில்லை, கதையைத்தான் பிடித்துக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பெண்கள் கபுறுக்கே போகக்கூடாது என்று புதிதாக ஆரம்பித்திருக்கிறார் காக்கா. ‘அதிகமாகப் போகும் பெண்களை’ நபி சபித்தார் என்றுதான் அந்த ஹதீஸின் வாசகம் என்று ஹஜ்ரத் போனில் சொன்னார்.

எனக்கு வேறொரு ஹதீஸ் ஞாபகம். கபுறு அருகே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், அல்லாஹ்வை அஞ்சிப் பொறுமையாக இரு என்று நபி (ஸல்) சொன்னபோது, யாரென்று தெரியாமல், ‘விலகிப் போங்கள், எனக்கு வந்தது உங்களுக்கு வரவில்லை’ என்றுவிட்டாள். இங்கே ஏன் வந்தாய் என்று அவளை அவர் கேட்கவில்லை. இதைக் காக்காவிடம் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். சட்டம் பேசுவதற்காக எடுக்கவில்லை. விலகிப் போங்கள் என்றாளே, அந்தக் குரலுக்காகத்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காய்ச்சல் 103.

ஆகஸ்ட் 13, புதன்

ராத்திரி மூன்று மணி. காக்கா உம்மாவின் காலருகே உட்கார்ந்து அல்ஹம்து ஓதி ஓதி ஊதிக்கொண்டிருந்தார். இதற்கு ஹதீஸ் உண்டு, அவர் ஒன்றும் மாறிவிடவில்லை. விடிந்ததும், பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்து நேர்ச்சையை முறித்துவிடலாம் என்றார். “ஏழைக்கும் கொடு, நாகூருக்கும் கொடு” என்றாள் உம்மா, கண்ணைத் திறக்காமல்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். கையெழுத்துப் போடக் காக்கா போயிருக்கிறார். பர்ஸில் சில்லறையோடு கிடந்து தகட்டின் பெருவிரல் மடங்கிவிட்டது. நகத்தால் நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன். அழுத்தினால் ஒடிந்துவிடும்போல் இருக்கிறது.

நர்ஸ் கூப்பிடுகிறாள்.