31 ஆம் நாளுக்குப் பிறகு யாரிடம் போவது?

அம்மாவின் 31 ஆம் நாள் சடங்கு முடியும் வரைக்கும், இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீடு நிறைய ஆட்கள். பெரியம்மாமார், மாமிமார், ஒழுங்கைச் சனம் என்று பகலும் இரவும் யாராவது இருந்தார்கள். சமைக்க ஒருவர், அழும்போது பக்கத்தில் இருக்க இன்னொருவர். செத்த வீட்டை எங்கள் ஊர் தாங்கும் விதத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எல்லோரும் போன பிறகு வந்ததுதான் வேறு.

புற்றுநோயோடு இருந்த அம்மாவைப் பார்த்தது நான்தான். மருந்து நேரம், கிளினிக் நாள், இரவில் எழும்பி மூச்சைப் பார்ப்பது என்று ஓடிய உடம்புக்கு திடீரென்று ஒரு வேலையும் இல்லை. விடியப்புறம் மூன்று மணிக்கு முழிப்பு வரும், நெஞ்சு இறுகும். சோறு இறங்காது. தனியார் கிளினிக் ஒன்றில் வாயு என்று சொல்லிக் குளிசை தந்துகொண்டே இருந்தார்கள். நித்திரை கொள்கிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது, ஏனென்றால் மனச்சோர்வு பலருக்கு முதலில் உடம்பில்தான் தெரியும் என்று பின்னர் எனக்கு விளக்கினார்கள். நெஞ்சு இறுக்கம், தலையிடி, வயிற்றெரிவு, அதிகாலை முழிப்பு எல்லாம் அதன் அடையாளங்களாம்.

மறுகா அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் பிரிவுக்கு (ஓ.பீ.டீ.) போனேன். ஈ.சி.ஜி.யைப் பார்த்த இளம் டொக்டர், "இருதயம் நல்லா இருக்கு அக்கா. நித்திரை எப்படி? வீட்டில ஏதும் நடந்ததா?" என்று கேட்டார். அம்மா என்று தொடங்கி, அங்கேயே அழுதுவிட்டேன். பின்னால் அவ்வளவு பெரிய வரிசை நின்றும் அவர் அவசரப்படுத்தவில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார்.

கடிதம் கிடைத்தாலும் கிளினிக் நாள் வரும்வரை இரவுகளைக் கழிக்க வேண்டுமே. அப்படி ஒரு இரவில்தான் 1926 க்கு எடுத்தேன். அங்கொடையில் இருக்கும் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. அங்கொடை என்ற பெயரை ஒருவரை ஏசுவதற்கே கேட்டு வளர்ந்தவள் நான், அதனால் இலக்கத்தை அமத்தும்போது கை நடுங்கியது. சிங்களத்தில்தான் பேசத் தொடங்கினார்கள். "தமிழில கதைக்கலாமா?" என்றேன், தமிழில் ஒரு பெண் வந்தா. புத்தி ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டா. அப்புறம் நேராகவே, "செத்துப் போகலாம் என்ற யோசனை வருதா?" என்றா. திடுக்கிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வந்தது. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று நம் ஆட்கள் பயப்படுவார்கள். அது சரியில்லை, கேட்டால் பாரம்தான் குறையும். அழைப்பு இலவசம், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். 1333 என்று இன்னொரு இலவச இலக்கமும் இருக்கிறது, அதிலும் பெயர் சொல்லத் தேவையில்லை.

கிளினிக்கில் என்னைப் பயமுறுத்தியது டொக்டர் இல்லை, தெரிந்த முகங்கள்தான். வாங்கில் எனக்குப் பக்கத்தில் எங்கள் பகுதி ஆசிரியை ஒருவர் கிளினிக் கொப்பியோடு இருந்தா. இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். தைரொய்டுக்கு இரத்தம் எடுத்தார்கள், அது குறைந்தாலும் இப்படிச் சோர்வு வருமாம். குளிசை எழுதும்போது டொக்டர் பொறுமையாகச் சொன்னார்: வேலை தெரிய இரண்டு, மூன்று கிழமை ஆகும், முதல் நாட்களில் வயிற்றைப் பிரட்டலாம், சுகம் வந்த பிறகும் சில மாதங்கள் எடுக்க வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது. எல்லாம் அப்படியே நடந்தது. முதலில் திரும்பி வந்தது நித்திரை.

பெரியம்மா என்னைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கையில் நூல் கட்டுவித்தா. டொக்டரிடம் காட்டினேன். "கட்டியிருங்க, குளிசையையும் போடுங்க" என்றார். இரண்டையும் செய்தேன். அம்மன் முன்னால் இருந்து அழுததும் எனக்கு மருந்தாகத்தான் இருந்தது.

மனம் விட்டுக் கதைக்க இடம் கிடைத்தது பிரதேச செயலகத்தில். அங்கே உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார் என்பது, காணி, கொடுப்பனவு என்று அந்தப் படிகளில் எத்தனையோ தரம் ஏறிய எனக்கே தெரியாது. கடிதம் தேவையில்லை, காசும் இல்லை. நெஞ்சு இறுகும்போது என்ன செய்வது என்று அவ என்னைச் செய்ய வைத்தே காட்டித் தந்தா. செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் நிலத்தில் அழுத்து, மூச்சை மெல்ல விடு, கண்ணில் படுவதைச் சொல், காதில் கேட்பதைச் சொல், கையால் ஒன்றைத் தொடு. மின்விசிறி, கோப்புக் கட்டு, வெளியே ஓட்டோ ஹோர்ன் என்று சொல்லிக்கொண்டு போக இறுக்கம் தளர்ந்தது. இதே மாதிரிப் பயிற்சிகளைச் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் 2020 இல் படங்களோடு ஒரு சுய உதவிக் கையேடு வெளியிட்டிருக்கிறது, இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். அம்மாவின் அலுமாரியைத் திறப்பது பற்றியும் அவவோடுதான் கதைத்தேன். ஒரே நாளில் ஒதுக்கத் தேவையில்லை, ஒரு தட்டு போதும் என்றா. முதல் தட்டில் இருந்த சேலைகளில் ஒன்றை நான் வைத்துக்கொண்டு மற்றதை மாமிக்குக் கொடுத்தேன். மற்றத் தட்டுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

இப்போது என்னிடம் கேட்டு வருபவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். அந்த இரவைக் கடக்க முடியாது போல இருந்தால் 1926. வீட்டில் அடி, மிரட்டல் என்றால் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. கிளினிக்குப் போகும்போது அடையாள அட்டை, ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளின் துண்டுகள், எப்போதிருந்து நித்திரை இல்லை என்று எழுதிய ஒரு தாள். முதல் நாள் கூட வர ஆளில்லை என்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன். காலையில் வெள்ளென பஸ் எடுத்தால் முன் நம்பர் கிடைக்கும்.