தேரி மணலில் கோல்ஃப் மட்டை

திசையன்விளை பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரர் கேட்டது 450 ரூபாய். தேரி எனப்படும் செம்மணல் மேடுகளுக்குப் போக வேண்டிய தூரம் ஐந்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஏன் அண்ணாச்சி இவ்வளவு என்றால், "ஆள் இரண்டு, அந்தப் பை ஒன்று. மூன்று பேர் கணக்குத்தானே" என்கிறார். பை என்பது தம்பியின் கோல்ஃப் பை. உள்ளே 14 மட்டைகள். அதற்கு மேல் ஒன்றுகூட எடுத்துப்போகக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. விதி இல்லாவிட்டாலும் அந்த ஆட்டோவில் இடம் இருந்திருக்காது. 300 ரூபாய்க்குப் பேசி முடித்தோம், அதுவும் கொள்ளைதான். வண்டி நகர்ந்த பிறகு, "உவரிக்குத் தூண்டில் போடப் போகிறீர்களா?" என்று வேறு கேட்டார்.

இந்தப் பயணத்தைப் பஸ் நேரம், செலவு, சாப்பாடு என்று வரிசையாக எழுதத்தான் நினைத்திருந்தேன். எரிச்சல் முந்திக்கொண்டது.

தம்பி என்றால் சித்தப்பா மகன். சித்தப்பா ராணுவத்தில் இருந்தவர். நீலகிரி வெலிங்டனில் வேலை பார்த்த காலத்தில் அங்குள்ள ஜிம்கானா கிளப் மைதானத்தில் இவனுக்குக் கோல்ஃப் பித்துப் பிடித்தது. அவர் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டார். இவன் தகுதிப் போட்டி ஆடி, தொழில்முறை ஆட்டக்காரனாகி, முதல் சில டோர்னமெண்டுகளை முடித்துவிட்டுக் கையில் காசில்லாமல் வந்து நிற்கிறான். "பங்கரில், அதாவது மைதானத்து மணல் குழியில், பந்து விழுந்தால் எனக்குக் கை நடுங்குகிறது. தேரிக்குப் போகலாமா அண்ணே?" என்றான். செலவில்லாத ஊர் சுற்றல் என்று நினைத்து உடனே கிளம்பிவிட்டேன்.

நெல்லை புதிய பஸ் நிலையத்தில் ஏறிய பஸ்ஸைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னல் கண்ணாடிகள் ஆடிய சத்தத்தில் நாங்குநேரி தாண்டும்வரை பக்கத்தில் இருப்பவன் பேச்சே காதில் விழவில்லை. பை மேல்தட்டில் ஏறவில்லை, இருக்கைக்கு அடியிலும் நுழையவில்லை. நடைபாதையில் நிறுத்தினால் பிரேக் போடும்போதெல்லாம் ஒரு பாட்டியின் கூடைமேல் சாய்ந்தது. நடத்துநர் சுமைக் கட்டணச் சீட்டு கிழித்துக் கொடுத்தார். அதில் தவறில்லை. ஆனால் சீட்டு வாங்கிய பைக்கு நிற்க இடம் காட்ட வேண்டாமா? கடைசியில் தம்பி அதை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தான்.

பஸ் கொஞ்சம் அமைதியான பிறகுதான் அவன் தன் முதல் டோர்னமெண்ட் கதையைச் சொன்னான். வடக்கே ஒரு நகரம். ரயிலில் போய், மூன்று பேர் சேர்ந்து எடுத்த அறையில் தரையில் படுத்திருக்கிறான். நுழைவுக் கட்டணம், கேடிக்கு (மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வரும் உதவியாளர்) கூலி, சாப்பாடு எல்லாம் கைக்காசு. இந்தியாவின் தொழில்முறை கோல்ஃப் சுற்றான பிஜிடிஐயில் வழக்கமான போட்டி நான்கு நாள், 72 குழி. முதல் இரண்டு நாள் முடிந்ததும் முதல் 50 இடத்தில் இருப்பவர்களும் அவர்களோடு சமமாக நிற்பவர்களும் மட்டும் மேலே ஆடலாம். அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தவனுக்கு ஒரு ரூபாயும் கிடையாது. கோல்ஃபில் அடிகளின் எண்ணிக்கை குறைந்தால்தான் நல்லது. இவன் முதல் நாள் 79 அடி, இரண்டாம் நாள் 73. விழுந்துவிட்டான்.

79க்குக் காரணம் கேட்டால் பயம் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். பெயரை ஒலிபெருக்கியில் சொன்னபோது கால் மரத்துப்போனது உண்மைதானாம். ஆனால் பெரிய காரணம் வேறு. வெலிங்டன் கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது; காற்று அடர்த்தி குறைவு, பந்து கூடுதலாகப் பறக்கும். சமவெளியில் அதே மட்டை, அதே வீச்சு, பந்து கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரை) முன்னாலேயே உள்ள பங்கரில் போய் விழுகிறது. தூரக் கணக்கைத் திருத்தி மனப்பாடம் செய்துதான் போயிருக்கிறான். பதற்றத்தில் கைக்குப் பழைய கணக்குத்தான் ஞாபகம் வந்திருக்கிறது. மூன்றாவது குழியிலேயே கேடி கண்டுபிடித்து, இன்னும் தூரம் போகும் மட்டையை எடு என்று இந்தியில் சொல்லியிருக்கிறார். இவன் கேட்டது இரண்டாம் நாள்தான். கேடிகளை இவன் இப்போது கடவுளாகப் பேசுகிறான். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பன் என்ற பெரிய போட்டியையே வென்றவர் என்று அரை மணி நேரம் சொன்னான்.

இன்னொன்றும் சொன்னான். உன் ஸ்கோரை நீ எழுதுவதில்லை, கூட ஆடுபவர் எழுதுகிறார். முடிந்ததும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏதாவது ஒரு குழிக்கு உண்மையைவிடக் குறைந்த எண்ணிக்கை எழுதியிருந்து, கவனிக்காமல் கொடுத்துவிட்டால் பொதுவாகப் போட்டியிலிருந்தே நீக்கம். 79 என்ற எண்ணை விரல் விட்டுத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பது பெரிய கொடுமை அண்ணே என்றான்.

இனி தேரி. மாமாவின் முந்திரித் தோட்டத்தை ஒட்டி அது தொடங்குகிறது. படத்தில் பார்த்து ஏமாந்த இடங்கள் எனக்கு நிறைய உண்டு. இது நேரில்தான் பெரிது. கண்ணுக்கு எட்டியவரை குங்குமம் கொட்டியதுபோல மணல் மேடுகள், நடுவில் பனையும் உடைமரமும். மணல் துகள்மேல் இரும்பு ஆக்சைடு படிந்ததால் வந்த நிறம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று வைகாசி முடிவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது. கணுக்காலில் மணல் சுள்ளென்று அடித்தது. ஸ்காட்லாந்தில் இந்த ஆட்டம் வளர்ந்ததும் கடலோர மணல்மேடுகளில்தானாம். பங்கர் என்பதே அங்கே இயற்கையாக இருந்த மணல் குழிதான். பணக்கார மைதானங்களில் லாரியில் மணல் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். இங்கே ஊரே பங்கர்.

பங்கரில் பந்தை அடிப்பதே இல்லை என்பது எனக்குப் புதிய செய்தி. பந்துக்கு ஓரிரு அங்குலம் பின்னால் மணலை அடிக்க வேண்டும். மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். அடிப்பதற்கு முன் பந்தை ஒட்டி மட்டையை வைக்கும்போதோ பின்னால் ஓங்கும்போதோ மணலைத் தொட்டுவிட்டால், அபராதமாக ஸ்கோரில் இரண்டு அடிகள் கூடிவிடும். தேரி மணல் மாவுபோல நைசு, பந்து பாதி புதைந்துவிடுகிறது. இதில் அடித்துப் பழகினால் எந்தப் பங்கரும் பயமில்லை என்று அவன் சந்தோஷத்தில் குதிக்க, பனையிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, மண்ணை வெட்டுவதென்றால் மண்வெட்டி தரட்டுமா?" என்றார். பிறகு பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார், நுங்கு போட்டு. காசு வாங்க மறுத்துவிட்டார். ஆட்டோ கட்டணத்தில் போன பணம் இங்கே மனதளவில் திரும்பி வந்தது.

பத்து மணிக்கு மேல் மணல் சுடும். உடைமுள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். ஷூ போட்டுக்கொண்டு போங்கள். தண்ணீர் வாங்கக் கடை கிடையாது.

மதியம் சித்தி வீட்டில் கறுப்பு உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல் சேர்த்த உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நெல்லை என்றால் அல்வா என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்தச் சோற்றைச் சாப்பிட்டதில்லை என்று அடித்துச் சொல்வேன். மாலை உவரிக் கடற்கரை, கூட்டம்.

இருவருக்கும் சேர்த்து ஆன மொத்தச் செலவு, அவன் கேடிக்குக் கொடுத்த ஒருநாள் கூலியைத் தொடவில்லை. ஆடியில் காற்று உச்சத்தில் இருக்கும்போது மறுபடி வந்து, எதிர்காற்றில் தாழ்வாக அடித்துப் பழக வேண்டும் என்கிறான். வரலாம், சித்தி அப்போதும் உளுந்தஞ்சோறு ஆக்குவதாக இருந்தால்.