எல்பிஐசி-2க்கு டிஎன்எஸ், டிஹெச்சிபி படிக்கிறீர்களா? டிஎன்எஸ்மாஸ்கில் தொடங்குங்கள்

லினக்ஸ் நிர்வாகிகளுக்கான சான்றிதழ்த் தேர்வு எல்பிஐசி-2. அதன் இரண்டாம் தாளான 202இல், பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸுக்கு என்றே ஒரு தலைப்பு இருக்கிறது. கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி 210ஆம் தலைப்பில் வருகிறது. பாடத்திட்டம் கேட்பது பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வரும் ஐஎஸ்சி டிஹெச்சிபி என்ற டிஹெச்சிபி சர்வரும்தான். டிஎன்எஸ்மாஸ்க் பற்றி ‘இப்படி ஒன்று உண்டு என்று தெரிந்தால் போதும்’ என்கிற அளவில் ஒரே ஒரு வரி. ஆனாலும் நான் படித்தது டிஎன்எஸ்மாஸ்கை வைத்துத்தான். அதையே உங்களுக்கும் சொல்வேன். தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்லமாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம், அதனால் படித்த முறையை மட்டும் பேசுகிறேன்.

சைமன் கெல்லி எழுதிய இந்தச் சின்ன மென்பொருள் டிஎன்எஸ், டிஹெச்சிபி இரண்டையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இயங்குதளம் போட்ட ரவுட்டர்களில் இருப்பது இதுதான். லினக்ஸில் லிப்வர்ட் போட்டு மெய்நிகர் கணினி ஓட்டுபவர்களுக்கு 192.168.122 என்று தொடங்கும் முகவரியைக் கொடுப்பதும் இதுவே. பைண்டில் ஒரு ஜோன் ஃபைலை (ஒரு டொமைனின் பெயர்களும் முகவரிகளும் கொண்ட ஃபைல்) சரியாக எழுதி முடிப்பதற்குள் டிஎன்எஸ் மீதே வெறுப்பு வந்துவிடும். இங்கே ஏழெட்டு வரியில் வேலை தொடங்கிவிடுகிறது. மீதி நேரத்தை உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதில் செலவிடலாம்.

மெய்நிகர் கணினி ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு லினக்ஸ் கணினிகள் போதும். சர்வராக இருப்பதற்கு இரண்டு நெட்வொர்க் கார்டு கொடுங்கள்: ஒன்று இணையத்துக்கு, இன்னொன்று இன்டர்னல் நெட்வொர்க். உள்ளே இருக்கும் கார்டுக்கு 192.168.50.1 என்று நீங்களே நிலையான முகவரி போடுங்கள். கான்ஃபிக் ஃபைலில் ‘இன்டர்ஃபேஸ்’ வரியில் அந்தக் கார்டை மட்டும் குறிப்பிடுங்கள். விடுதி வைஃபையோடு பிரிட்ஜ் செய்து (நேராக இணைத்து) மட்டும் ஓட்டாதீர்கள். பக்கத்து அறைக்காரர்களின் போனுக்கெல்லாம் உங்கள் சர்வர் முகவரி கொடுக்க ஆரம்பித்தால் இரவில் கதவைத் தட்டுவார்கள்.

டிஹெச்சிபி ரேஞ்சுக்கு 192.168.50.50 முதல் 192.168.50.150 வரை கொடுத்து, லீஸ் காலத்தை (ஒரு முகவரி ஒரு கணினியிடம் இருக்கும் நேரத்தை) 2 நிமிடம் என்று வையுங்கள். டிஎன்எஸ்மாஸ்க் அனுமதிக்கும் குறைந்தபட்சம் அதுதான். 12 மணி நேரம் என்று வைத்தால் கிளையன்ட் (முகவரி வாங்கும் இரண்டாவது கணினி) பாதி நேரம் கழித்துத்தான், அதாவது 6 மணி நேரம் கழித்துத்தான் புதுப்பிக்க வரும். 2 நிமிடம் என்றால் ஒவ்வொரு நிமிடமும் கிளையன்டின் ‘ரெக்வெஸ்ட்’, சர்வரின் ஒப்புதலான ‘ஆக்’ என்று லாக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். புதுப்பிக்கும் நேரமான டி1 பற்றிப் புத்தகத்தில் ‘டி1 என்பது 50 விழுக்காடு’ என்று மனப்பாடம் செய்வதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

லாக்-குவெரீஸ், லாக்-டிஹெச்சிபி என்ற இரண்டு வரிகளையும் கான்ஃபிக் ஃபைலில் முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் டிஎன்எஸ்மாஸ்கின் உண்மையான பாடப்புத்தகம் இந்த லாக்தான். கிளையன்டில் ஒரு பெயரைத் தேடினால் ‘குவெரி’, ‘ஃபார்வர்டட்’, ‘ரிப்ளை’ என்று வரிசையாக வரும். அதே பெயரை மறுபடி தேடினால் ‘கேச்ட்’ என்று மட்டும் வரும். லீஸ் வாங்கிய கணினியின் பெயரைத் தேடினால் பதிலுக்கு முன்னால் ‘டிஹெச்சிபி’ என்றே எழுதியிருக்கும். எந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் சர்வர் வேறு கிடைப்பது கஷ்டம்.

அப்புறம், கோளாறு கண்டுபிடிக்கும் பயிற்சி. ஒரு நண்பரிடம் கான்ஃபிக் ஃபைலில் ஏதாவது ஒன்றைக் கெடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் தேடுங்கள். தனியாகப் படித்தால் என்ன கெடுத்தோம் என்று தெரிந்திருக்கும், பலன் பாதிதான்.

உபுண்டுவில் பெரும்பாலும் முதலில் வருவது ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’. உபுண்டுவில் ஏற்கெனவே ஓடும் டிஎன்எஸ் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டு 127.0.0.53இல், டிஎன்எஸ்ஸுக்கான 53ஆம் போர்ட்டைப் பிடித்திருக்கும். அது வேறு முகவரிதானே, ஏன் மோத வேண்டும் என்று கேட்பீர்கள். டிஎன்எஸ்மாஸ்க் வழக்கமாக எல்லா முகவரிக்கும் சேர்த்து ஒரே கதவைத் திறக்கப் பார்க்கும், அதனால்தான். ‘பைண்ட்-இன்டர்ஃபேசஸ்’ வரியைச் சேர்த்தால், சொன்ன கார்டோடும் லூப்பேக்கின் (கணினி தன்னோடே பேசும் இணைப்பின்) 127.0.0.1ஓடும் நின்றுகொள்ளும்.

‘நோ அட்ரஸ் ரேஞ்ச் அவைலபிள்’ என்று லாக்கில் வந்தால் முகவரிகள் தீர்ந்துவிட்டன என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அது இல்லை. கார்டில் இருக்கும் முகவரியும் ரேஞ்சும் வேறு வேறு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் உட்பிரிவில்) இருக்கும், அல்லது கார்டுக்கு முகவரியே இருக்காது.

லாக்கில் எதுவுமே வரவில்லை, ஆனால் வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டினால் முகவரி கேட்கும் டிஸ்கவர் பாக்கெட் வந்து விழுகிறது என்றால் நேராக ஃபயர்வாலைப் பாருங்கள். டிசிபிடம்ப் பாக்கெட்டைப் பார்ப்பது ஃபயர்வாலுக்கு முன்னால். டிஎன்எஸ்மாஸ்க்குக் கிடைப்பது அதைத் தாண்டி வருவது. 67ஆம் யுடிபி போர்ட்டைத் திறந்தால் சரியாகிவிடும்.

டிஎன்எஸ் சர்வரிடம் பெயரைக் கேட்டுப் பார்க்கும் டிக் கட்டளையில் இரண்டு ‘ரெஃப்யூஸ்ட்’ உண்டு. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்றால் அந்தப் போர்ட்டில் யாருமே இல்லை. பதிலின் ஸ்டேட்டஸில் ‘ரெஃப்யூஸ்ட்’ என்றால் சர்வர் உயிரோடு இருக்கிறது, கேட்டு அனுப்ப மேலே ஒரு டிஎன்எஸ் சர்வர் அதற்குச் சொல்லப்படவில்லை. பலர் இங்கேதான் தவறான பக்கம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் டிஎன்எஸ்மாஸ்குக்கு சிக்ஹப் என்ற சிக்னலை அனுப்பினால் கேச் காலியாகும், ஹோஸ்ட்ஸ் ஃபைல் மறுபடி படிக்கப்படும். கான்ஃபிக் ஃபைல் படிக்கப்படாது. அதை மாற்றினால் ‘டெஸ்ட்’ ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டி எழுத்துப்பிழை பார்த்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு பைண்டுக்குப் போங்கள். எஸ்ஓஏ (ஜோனின் தலைப்புப் பதிவு), சீரியல் எண், மாஸ்டரிலிருந்து ஸ்லேவுக்கு ஜோன் போவது, பதில்களுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் சாவிகள் ஆகியவற்றை டிஎன்எஸ்மாஸ்கை வைத்து முழுதாகப் படிக்க முடியாது. அவற்றுக்குத் தனியாக நேரம் வேண்டும், அதுவும் தாராளமாக. ஐஎஸ்சி டிஹெச்சிபியின் பராமரிப்பை 2022 இறுதியில் ஐஎஸ்சியே நிறுத்திவிட்டது, வேலையில் அதற்குப் பதிலாக ஐஎஸ்சி தரும் கியாவைத்தான் பார்க்கப்போகிறீர்கள். ஆனால் பாடத்திட்டத்தில் பழையதே இருப்பதால் சப்நெட் பிளாக், ஹோஸ்ட் பிளாக் எழுதும் முறையையும், டிஹெச்சிபி கோரிக்கையை வேறு நெட்வொர்க்கில் இருக்கும் சர்வருக்குக் கடத்தும் ரிலே ஏஜென்ட்டையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும்.