வீட்டுக் கடன் தீர்வும் பத்திரம் மீட்பும்: என் அனுபவம்

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றதால் எங்கள் வீட்டுக் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்பட்டு, நீதிமன்றம் செல்லாமலேயே அடமானச் சொத்தை வங்கி கைப்பற்றி விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி 60 நாள் கெடு விதிக்கும் அறிவிப்பு வந்தது. இதற்குப் பதில் எழுதிப் பயனில்லை, முழுத் தொகையையும் கட்டுவதுதான் ஒரே வழி என்று கிளை அலுவலர் கூறினார். அது முற்றிலும் தவறான தகவல். நாம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால், அதை ஏற்காததற்கான காரணத்தை வங்கி 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்று 13(3ஏ) பிரிவு கூறுகிறது. அபராதக் கட்டணத்தின் முழுக் கணக்கையும் கேட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சல் அனுப்பிய பிறகே எங்களோடு பேச வங்கி முன்வந்தது.

நிலுவையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி பெற்று மீதியை ஒரேயடியாகக் கட்டி முடிக்கும் ஒரே தவணைத் தீர்வு அதிக இழுபறியின்றி முடிந்தது. ஆனால் பணம் கட்டுமுன் தீர்வுக் கடிதத்தை வரிக்கு வரி படியுங்கள்: ஏல நடவடிக்கை கைவிடப்படுமா, மூலப் பத்திரங்கள் எப்போது திருப்பித் தரப்படும் என்பவை அதில் இருக்க வேண்டும். தள்ளுபடி பெற்று முடித்த கடன் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' (தள்ளுபடியோடு தீர்க்கப்பட்டது) என்றே பதிவாகும். 'குளோஸ்டு' (முழுதும் கட்டி முடிக்கப்பட்டது) என்று வந்துவிடும் என யாராவது வாய்மொழியாக உறுதியளித்தால் நம்ப வேண்டாம்.

உண்மையான அலைச்சல் அதன் பிறகே தொடங்கியது. பத்திரங்கள் வேறோர் ஊரிலுள்ள காப்பகத்தில் இருப்பதாகச் சொல்லி, அடுத்த வாரம் வரும்படி ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார்கள். கடன் முழுமையாகச் செலுத்தப்பட்ட அல்லது தீர்க்கப்பட்ட 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று அறிவுறுத்தியிருக்கிறது. அது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதைக் குறிப்பிட்டு, நிலுவையின்மைச் சான்றின் நகலோடு வங்கியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதியதும் பத்திரக் கட்டு கிளைக்கு வந்து சேர்ந்தது. அப்போதும் சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரம் அதில் இல்லை. அனைத்தும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடச் சொன்னதை மறுத்து, கடன் வாங்கியபோது கொடுத்த ஆவணப் பட்டியலோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, விடுபட்டதை எழுதித் தந்தேன். அந்தப் பட்டியல் கையில் இருந்ததால்தான் அவர்களால் மறுக்க முடியவில்லை. தாய்ப்பத்திரமும் பின்னர் வந்தது.

திவால் சட்டம் 2016-லேயே இயற்றப்பட்டும், கடனைக் கட்ட இயலாத தனிநபர்களுக்கான அதன் பகுதி, நிறுவனங்களின் கடனுக்குத் தனிநபர் உத்தரவாதம் அளித்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தவணை கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பங்களுக்கு இது பெரும் அநீதி என்றே கருதுகிறேன்.

வங்கிக்கு எழுத்தில் புகார் அளித்து 30 நாட்களாகியும் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவே கட்டணமின்றி முறையிடலாம். பத்திரம் கைக்கு வந்ததும், அடமானம் பதிவு செய்யப்பட்டிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை ரத்து செய்யும் ரசீதைப் பதிந்து, புதிய வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.