அம்மாவின் இரண்டாவது மணிக்கூடு

ஏப்ரல் 11, 2024 – வியாழன்

இந்த முறை எங்களுக்கு வருசப்பிறப்பு இல்லை. ஜனவரி 9ஆம் திகதி அம்மா போய்விட்டார். ஆண்டுத் திவசம் முடியும்வரை கொண்டாட்டம் எதுவும் கிடையாது, பலகாரமும் சுடுவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு வந்து, "உங்கட வீட்டுக்கும் சேர்த்துத்தான் மாக் குழைக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நினைத்துக்கொண்டிருப்பது 23ஆம் திகதியைத்தான். சித்திரா பௌர்ணமி. தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவர்களுக்கு சித்திரா பௌர்ணமி. அம்மா தன் தாய்க்காக இந்த விரதத்தை ஒரு வருடமும் தவறவிடவில்லை. எனக்கு அது இத்தனை வருடமும் நல்ல மரக்கறிச் சாப்பாடு கிடைக்கும் ஒரு நாள், அவ்வளவுதான். இந்த வருடம் முதல்முறையாக விரதம் என்னுடையது.

குசினிச் சுவரில் இரண்டு மணிக்கூடுகள் இருக்கின்றன. ஒன்று எங்கள் நேரம். மற்றது அண்ணாவின் நேரம், ரொறன்ரோவுடையது. அண்ணா அங்கே போய்ச் சேர்ந்த வருடமே அம்மா அதை வாங்கி மாட்டினார். புட்டு அவிக்கும்போது ஒருமுறை பார்ப்பார். "இப்பதான் வேலையால வந்திருப்பான்" என்பார். உலையில் அரிசி போடும்போது பார்ப்பார். "இப்ப படுத்திருப்பான்." பல நாள் இங்கிருப்பவர்களுக்கு முன்பே அங்கிருப்பவனை நினைத்துவிடுவார்.

ஏப்ரல் 14, 2024 – ஞாயிறு

மருத்துநீர் வைத்து முழுகவில்லை, பொங்கவில்லை. அப்பா வழக்கம்போல விடிய எழும்பி விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். கைவிசேஷத்துக்காக அம்மா வங்கியிலிருந்து புதுத்தாள் மாற்றி வைப்பார். நாற்பது தாண்டிய எனக்கும் நூறு ரூபாய்த் தாள், வெற்றிலையில் வைத்து. அதை நினைத்தபடி அலுமாரியைத் திறந்தேன். உடனே மூடிவிட்டேன்.

அண்ணாவுக்கு நான் போன் எடுத்தேன். அம்மா இருந்தவரை நான் நேராக எடுப்பது குறைவு. காரணம் இந்த வீடு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டின் பாதி போனது. அண்ணா அனுப்பிய காசில்தான் திரும்பக் கட்டினோம். போன வருடம் அப்பாவும் அம்மாவும் வீட்டை என் பெயருக்கு உறுதி எழுதினார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், அது வழமை. அண்ணாவுக்கும் தெரியும். ஆனாலும் அவனுக்கு நொந்துவிட்டது. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று. அது நியாயம்தான் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

மணிக்கூட்டைப் பார்த்தேன், அங்கே இரவு ஒன்பது. எடுத்தேன். அண்ணா தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

"பத்து மணி. காலமை நாலுக்கு எழும்ப வேணும்."

"ஒன்பது எண்டெல்லோ காட்டுது?"

"மார்ச்சில இங்க ஒரு மணித்தியாலம் மாத்துறது. அம்மாக்குத் தெரியும்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அப்பாவைப் பார்" என்று வைத்துவிட்டான்.

போன நவம்பரில் அம்மா ஸ்ரூலில் ஏறி அந்த மணிக்கூட்டைத் திருப்பியது எனக்கு நினைவிருக்கிறது. மார்ச்சில் திருப்ப ஆளில்லை. நான் திருப்பலாம். ஆனால் கையை வைக்க மனம் வரவில்லை.

ஏப்ரல் 17, 2024 – புதன்

அம்மாவின் போனை இன்று சார்ஜ் போட்டேன். அவருக்கு எழுதி அனுப்புவது பிடிக்காது, வாட்ஸ்அப்பில் குரல்தான். அண்ணாவுக்கு அனுப்பியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது போல் இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"தங்கச்சி உன்னைத்தான் கேட்டவள். குளிருக்கு அவனுக்கு மூச்சு முட்டுமே எண்டு கவலைப்பட்டவள்."

நான் கேட்கவே இல்லை.

"உறுதி எழுதின அண்டைக்கு அவள் சாப்பிடேல்ல மகன். அண்ணான்ட காசில கட்டின வீடு எண்டு அழுதுகொண்டே இருந்தவள்."

அன்றைக்கு நான் அழவில்லை. கந்தோரிலிருந்து வரும்வழியில் ஐஸ்கிறீம் குடித்தேன். ஒரு பாரம் இறங்கியது போல்தான் இருந்தது.

அப்புறம் மெல்ல ஞாபகம் வந்தது. அதே கிழமை என்னிடம் அம்மா, "அண்ணா சொன்னவன், வீடு தங்கச்சிக்குத்தான் சரி எண்டு" என்று சொல்லியிருந்தார். நான் நம்பினேன். நம்பியபடியால்தான் அவன் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்தாவது அனுப்பினேன். மட்டக்களப்பில் இருக்கும் தம்பியிடம் கேட்டேன். அவனுக்கும் இதே கதை. "அண்ணா உன்னைப் பற்றிப் பெருமையாக் கதைச்சவன்", "அக்கா உனக்கெண்டு கருவாடு எடுத்து வைச்சவள்". அந்தக் கருவாட்டை எடுத்து வைத்தது அம்மா.

முப்பது வருடமாக நாங்கள் மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் கதைத்தது பாதி அம்மாவின் வாயால்தான். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் கொஞ்சம் பொறுத்திருந்தால் சொல்லியிருக்கக்கூடியதை அவர் முந்திச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 21, 2024 – ஞாயிறு

தம்பி வந்துவிட்டான். சந்தைக்குப் போனோம். பூசணி, வாழைக்காய், பயற்றங்காய், கத்தரி, மாங்காய், இரண்டு தேங்காய் கூடுதலாக. அம்மா என்றால் கத்தரிக்காயைக் காம்பைப் பார்த்தே எடுப்பார். நான் எடுத்ததில் இரண்டு பூச்சி.

ஏப்ரல் 23, 2024 – செவ்வாய்

காலையில் முழுகிவிட்டுக் கோணேசர் கோயிலுக்குப் போனோம், அப்பா, தம்பி, நான். கோட்டை வாசலால் நுழைந்ததும் மான்கள் நின்றன. அப்பா ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினார். மாதுமை அம்மன் சந்நிதியில் நெய்விளக்கு ஏற்றி, அம்மாவின் பெயருக்கு மோட்ச அர்ச்சனை செய்தோம்.

வெளியே வந்து, மலையின் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் நின்றோம். கீழே கடல். அம்மா எங்களைச் சிறுவயதில் கூட்டிவந்து இங்கேதான் கதை சொல்வார். நோயில் கிடந்த தன் தாய் கும்பிட வேண்டும் என்று இராவணன் இந்த மலையைப் பெயர்க்கப் பார்த்தானாம். பிறகு தாய் இறந்துவிட்டாள் என்று கேட்டு, கிரியைக்குத் தண்ணீர் வேண்டிக் கன்னியாவில் ஏழு இடத்தில் வாளால் குத்தினானாம். அந்த ஏழும்தான் வெந்நீர்க் கிணறுகள். மற்ற ஊர்களில் இராவணன் என்றால் சீதையை எடுத்துப்போனவன். எங்கள் ஊரில் மலையில் இருக்கும் பிளவும் நிலத்தில் இருக்கும் கிணறும் அவன் தாய்க்காக என்றே சொல்லிக் கேட்டு வளர்ந்தோம். அம்மா அந்தக் கதையில் வேறு எதையும் சொல்லமாட்டார்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நாங்களும் கன்னியாவுக்குத்தான் போனோம். ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு. தம்பி ஒரு வாளி அள்ளித் தலையில் ஊற்றினான். இன்னொரு வாளி அள்ளினான். ஊற்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணாவுக்கு லீவு கிடைக்கவில்லை, வரவில்லை. அவனுக்கான வாளி அது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சமைத்தோம். உப்பைப் பார்க்க முடியாது, படைக்கிற சாப்பாடு. அம்மா வாசத்திலேயே உப்பை அறிவார். நான் பயந்து பயந்து போட்டேன். பன்னிரண்டரைக்குப் படைத்தோம். காகத்துக்கு வைத்துவிட்டு நின்றபோது போன் அடித்தது. வீடியோவில் அண்ணா. அங்கே விடிய மூன்று மணி. முழுகி, நெற்றியில் திருநீறு பூசி, மேசையில் அம்மாவின் படம் வைத்து உட்கார்ந்திருந்தான்.

காகம் வரும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம், அவன் போனுக்குள் இருந்து. வந்தது. பூசணியை முதலில் கொத்தியது.

சாப்பாட்டுக்கு உட்கார முன் அண்ணா கேட்டான்: "உறுதி எழுதின அண்டைக்கு நீ அழுதனியாம். அம்மா சொன்னவ. அதைக் கேட்டுத்தான் எனக்குக் கோவம் போனது. நான் உனக்கு அதைச் சொல்லேல்ல."

தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும்.

"ஓம் அண்ணா" என்றேன். சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. "நீ அனுப்பின காசில கட்டினது. உன்னட்டக் கேட்டிருக்க வேணும் நாங்கள்."

அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "பூசணிக்கு உப்புச் சரியோ?" என்று கேட்டான். கொஞ்சம் குறைவு. சரி என்றேன்.

ஏப்ரல் 24, 2024 – புதன்

குசினிக்குள் சத்தம் கேட்டு ஓடினேன். அப்பா ஸ்ரூலில் ஏறி நிற்கிறார், எழுபத்தெட்டு வயதில். ஏசப்போனேன், கையில் இரண்டாவது மணிக்கூட்டைக் கண்டுவிட்டு ஸ்ரூலைப் பிடித்துக்கொண்டேன். பெரிய முள்ளை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினார். ஆணியில் மாட்டினார். இறங்க நேரம் எடுத்தது.

"இங்க ஏழு இருபது. அங்க ஒன்பது ஐம்பது" என்றார். "பெரியவன் இன்னும் படுத்திருக்கமாட்டான். எடு."